நூற்றெட்டுப் பந்து

தை 5, திங்கள்

பிள்ளையாருக்கு ஒரு மண்டலம், தினம் நாற்பத்தெட்டுச் சுற்று என்று வேண்டுதல். இன்று முதல் நாள். பைபாஸ் ஓரத்துப் பிள்ளையார்; வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் நாலு நிறுத்தம். நம் தெரு முக்கிலேயே ஒரு பிள்ளையார் இருக்கும்போது அங்கே எதற்கு என்று இவர் கேட்டார். பைபாஸ் பிள்ளையார் கிழக்குப் பார்த்தவர், விசேஷம் என்றேன். மேலே கேட்கவில்லை. மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற பிறகு இவர் எதையும் இரண்டு தரம் கேட்பதில்லை.

கோயில் மதிலுக்கு வடக்கே பச்சை வலை கட்டி கோல்ஃப் பயிற்சி மைதானம் ஒன்று திறந்திருக்கிறார்கள். மதில் இடுப்பளவுதான். அந்தப் பக்கம் சுற்றி வரும்போது கண்ணில் பட்டே தீரும். நானாகப் பார்க்கவில்லை.

சுற்று: 48. ஜபம்: 1008.
இன்று சொன்ன பொய்: இல்லை.

(எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். கணக்கு எழுதவும் பதிகம் படிக்கவும் நானாகக் கற்றுக்கொண்டேன். பொய்க்கு ஒரு வரி ஒதுக்கி வைத்தால் பொய் குறையும் என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். பதினொரு வருஷமாக எழுதுகிறேன். வரி பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது.)

தை 6, செவ்வாய்

சுற்று: 48. வடக்குப் பக்கம் கொஞ்சம் நிதானமாக.
பொய்: இல்லை.

தை 8, வியாழன்

சுற்றி முடித்ததும் கால் தானாக அங்கே போயிற்று. மைதானத்தைப் பார்த்துக்கொள்பவர் ஸ்டீபன், நாற்பத்தைந்து வயதிருக்கும். நெற்றி நிறைய விபூதியும் கையில் அர்ச்சனைக் கூடையுமாக நின்றவளைப் பார்த்து, "தண்ணி வேணுங்களாம்மா? பைப்பு அந்தப் பக்கம்" என்றார்.

"ஏழாம் நம்பர் ஸ்டிக் இருக்குதுங்களா?" என்றேன்.

என்னையும் கூடையையும் பார்த்தார். பிறகு எடுத்துக் கொடுத்தார்.

இதை எழுதித்தான் ஆக வேண்டும். என் அப்பா நீலகிரியில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டினார். அங்கே எங்கள் குடிசை ஆறாவது குழிக்கு மேலே இருந்தது. யாரோ எறிந்துவிட்டுப் போன கழுத்து வளைந்த ஏழாம் நம்பர் ஸ்டிக் ஒன்றை அப்பா நிமிர்த்திக் கொடுத்தார். விடியுமுன், துரைமார் வருமுன், பனியில் நானும் அவரும் ஆடுவோம். வேலைக்காரர் வீட்டுப் பெண் புல்லில் கால் வைக்கக் கூடாது என்று சட்டம். பனியில் தடம் தெரியும் என்று அப்பா பின்னாலேயே துடைப்பத்தால் கலைத்துக்கொண்டு வருவார். இருபது வயதில் கோயமுத்தூருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். பெண் பார்க்க வந்தபோது "கோலம் போடும், பாடும்" என்றுதான் அம்மா சொன்னாள். முப்பத்தாறு வருஷம். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லாமலிருப்பது பொய்யில் சேராது.

ஒரு கூடைக்கு ஐம்பது பந்து. ஐம்பது என்ன கணக்கு? எதையும் ஆரம்பித்தால் நூற்றெட்டுக்குக் குறையாமல் செய்துதான் பழக்கம். இரண்டு கூடையும் தனியாக எட்டும் வாங்கினேன். "மொத நாளே அவ்வளவு வேண்டாம்மா, கை தாங்காது" என்றார் ஸ்டீபன். நூற்றெட்டுக்கு நடுவில் நிறுத்தினால் எண்ணிக்கை குறைபடும் என்றேன். முதல் முப்பது பந்தும் தரையை விட்டு எழும்பவில்லை. முப்பத்தொன்றாவது எழும்பியது. அந்தச் சத்தம் அப்படியே இருக்கிறது.

தை 9, வெள்ளி

கைக் கணக்கு. இடது கை: நடுவிரல் அடியில் ஒன்று, மோதிர விரல் அடியில் ஒன்று (பெரியது, புளியங்கொட்டை அளவு), சுண்டு விரல் அடியில் ஒன்று. வலது கை: கட்டை விரல் ஓரம் ஒன்று. ஆக நாலு.

குத்தி நீரை எடுக்கவில்லை. தானாக உடையும்வரை தோலை விட்டுவைக்க வேண்டும் என்று அப்பா சொல்வார். பாத்திரத் தூள் பட்டதும் உயிர் போயிற்று. ரசத்துக்குப் புளி கரைக்கும்போது திரும்பப் போயிற்று. இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பதால் பூஜைப் பாத்திரம் வேறு.

இவர் சாப்பிடும்போது கையைப் பார்த்தார். "கோயிலச் சுத்துனா கால்லதான கொப்புளம் வரோணும்?" என்றார்.

"அங்க கொஞ்சம் புல்லு இருந்துச்சுங்க" என்றேன்.

புல் இருந்தது. பொய்: இல்லை.

தை 11, ஞாயிறு

வெள்ளியங்கிரி ஐயா வீட்டுக்கே வந்துவிட்டார். எங்கள் உழவாரத் திருக்கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். மாதம் ஒரு ஞாயிறு ஏதாவது பழைய சிவன் கோயிலுக்குப் போய், உழவாரம் என்கிற செதுக்கும் கருவியால் பிராகாரத்துப் புல்லை எடுத்துச் சுத்தம் செய்வது கூட்டத்தின் பணி. ஏழு வருஷமாக நான் அதில் பேரேடு எழுதுகிறேன். யார் வந்தார்கள், எத்தனை உழவாரம் போயிற்று, எத்தனை திரும்பியது. புல்லில் கை வைத்ததில்லை.

பால் பூத்தில் இவர் ஐயாவைப் பார்த்திருக்கிறார். "புல்லுல கைய வெச்சுக் கொப்புளமாக்கிட்டு வந்திருக்கறாங்க" என்று மட்டும் சொன்னாராம்.

ஐயா என் இடது கையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "யாருக்கும் சொல்லாம, தெனமும், தன்னந்தனியா. இத்தன வருசம் பேரேடு எழுதுன கைங்க இது" என்றார்.

நான் "எல்லாம் அவன் செயல்" என்றேன்.

அது எந்தக் காலத்திலும் பொய்யாகாது.

தை 13, செவ்வாய்

பெரிய கொப்புளம் உடைந்தது. உப்பு வெந்நீரில் கழுவி, சோற்றுக்கற்றாழை வைத்துக் கட்டினேன். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் வைத்தால் ஸ்டிக் பிடி மஞ்சளாகிறது. ஸ்டீபன் துடைத்துவைத்தார்.

இடது கைக்கு மட்டும் உறை போட வேண்டுமாம். அவர் கொடுத்தது தோல் உறை. பிள்ளையாரைச் சுற்றிவிட்டு நேராக வருகிற கை, தோலைத் தொட முடியாது என்றேன். பழைய பருத்தி வேட்டியில் நானே ஒன்று தைத்தேன். பத்துப் பந்தில் கிழிந்தது. வேர்வைக்கு விபூதி தடவிக்கொண்டேன். அது நன்றாகப் பிடிக்கிறது. இதில் அபசாரம் உண்டா என்று யோசித்தேன். நெற்றியில் இட்டால் ஒன்று, கையில் இட்டால் வேறொன்றா?

பந்து: 54. பாதி நூற்றெட்டு. வைத்தியத்துக்காக ஒரு சலுகை.

தை 16, வெள்ளி, பிரதோஷம்

நந்தி அபிஷேகம் முடிந்ததும் ஐயா என்னைக் கூப்பிட்டார். முப்பது பேர் இருக்கும். என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். "நாமெல்லாம் மாசத்துக்கு ஒரு நா போயிட்டு போட்டோ எடுத்துப் போடறோம். இந்தக் கையப் பாருங்க. தொண்டு செஞ்ச கை." தை இருபத்தைந்து ஞாயிற்றுக்கிழமைப் பணியில் எனக்குப் பொன்னாடை, முதல் புல்லை நான் செதுக்கித் தொடங்க வேண்டும், அன்று முழுவதும் முன்வரிசையில் நான் இருக்க வேண்டும். பெண்கள் சிலர் என் கொப்புளத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். வலித்தது.

ராமாத்தாள் மட்டும் ஒற்றவில்லை. அவள் கூட்டத்துக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. நாற்பது வருஷம் கடலைக் காட்டில் கூலிக்குக் களை வெட்டியவள். பிரசாதம் வாங்கும் சாக்கில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏனுங்க, களக்கொத்துப் புடிச்சா உள்ளங்கை அடில, மணிக்கட்டுப் பக்கமாப் பொங்கும். அதும் சோத்துக் கைல. உங்களுக்கு எடது கைல, வெரலு அடில வந்திருக்குது."

"எல்லாம் அவன் செயல்."

"அவனுக்கு எடது கைப் பழக்கம்னு எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டுச் சுண்டலை வாயில் போட்டுக்கொண்டாள்.

பொய்: இல்லை.

தை 18, ஞாயிறு

சுற்று 48. பந்து 108. ராமாத்தாள் நினைவு.

தை 20, செவ்வாய்

ஸ்டீபன் இன்று ஒரு காகிதம் காட்டினார். மாசி இரண்டு, சனிக்கிழமை, நீலகிரியில் ஐம்பது வயது தாண்டிய பெண்களுக்கு ஒன்பது குழி ஆட்டம். வெளியாட்களும் ஆடலாம். மைதானத்தின் பெயரைப் படித்தேன். திரும்பவும் படித்தேன். அப்பா புல் வெட்டிய மைதானம்.

"பேரு குடுத்துரட்டுங்களாம்மா?"

இவரிடம் கேட்க வேண்டும், சனிப் பிரதோஷம் வேறு, வேண்டாம் என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

"ஆனா ஒண்ணுங்கம்மா. கொப்புளம் ஆறோணும். அதுக்குள்ள வேற எதையும் புடிச்சுக் கையக் கெடுத்துக்காதீங்க. உங்க பிடிதான் ரொம்ப இறுக்கம். அதனாலதான் இவ்வளவு கொப்புளம். சொன்னாலும் கேக்க மாட்டேங்கறீங்க."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். தை இருபத்தைந்தில் பணி. ஒரு நாள் முழுக்க உழவாரம் பிடித்தால் ஆறு நாளில் கை ஆறாது. பிடிக்காவிட்டால், இத்தனை நாள் தினமும் புல் செதுக்கியவள் ஒரு மணி நேரம்கூட ஏன் செதுக்கவில்லை என்று கேட்பார்கள். ஆட்டத்துக்குக் கை ஆற வேண்டும். பொன்னாடைக்கு ஆறக் கூடாது. பிள்ளையாரிடம் எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் பொதுவாகக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

தை 22, வியாழன்

பந்து: இல்லை. கைக்கு ஓய்வு. பூஜை அலமாரியில் விபூதிச் சம்படத்துக்குப் பக்கத்தில் ஒட்டும் துணிப் பிளாஸ்திரி ஒரு சுருள் இருந்தது. நான் வாங்கவில்லை. இவரிடம் கேட்டேன். "எல்லாம் அவன் செயல்" என்று சொல்லிவிட்டு நாளிதழின் குறுக்கெழுத்துக்குத் திரும்பிக்கொண்டார்.

புறப்படும்போது, "கோயிலுக்குப் போறப்ப தொப்பி ஒண்ணு போட்டுக்க, ஞானா. வெயிலு" என்றார். பிரதட்சிணத்துக்கு யார் தொப்பி போடுவார்கள்? இவருக்கு வயதாகிறது.

தை 24, சனி

மனம் கேட்கவில்லை. ஐயா வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். வழி நெடுக ஒத்திகை பார்த்தேன்.

"ஐயா, இது புல்லு செதுக்குனதால வந்த கொப்புளம் இல்லீங்க. கோல்ஃப் ஆடுனதால வந்ததுங்க" என்று ஒத்திகை பார்த்தபடியே அவரிடம் சொன்னேன்.

ஐயா உள்ளே திரும்பி, "இங்க வா, ஞானாம்பிகை என்ன சொல்றாங்கன்னு கேளு" என்று மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா வந்து கேட்டார். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு ஐயா சிரிப்பை நிறுத்திக் கைகூப்பினார்.

"புகழுக்கு பயந்து தன்னையே எளக்காரமாச் சொல்லிக்கற அடியார்களப் பத்திப் படிச்சிருக்கறேன். இன்னிக்கித்தான் நேர்ல பாக்கறேன். அதுக்குன்னு கோல்ஃபுங்களாம்மா? வேற ஒண்ணும் தோணலீங்களா?"

காபி கொடுத்து அனுப்பினார்கள்.

இன்று சொன்ன உண்மை: ஒன்று. அதற்கு இந்த நோட்டில் வரி இல்லை.

தை 25, ஞாயிறு

படுத்துக்கொண்டு எழுதுகிறேன். வலது கையாலும் பேனா பிடிக்க முடியவில்லை, சுருக்கமாகவே எழுத வேண்டும்.

பேரூர் தாண்டி ஒரு சின்னக் கோயில். முழங்கால் அளவு புல். பொன்னாடை போர்த்தினார்கள். உழவாரத்தைக் கொடுத்தார்கள். அதை எப்படிப் பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை என்பதை முப்பது பேரும் பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள். எட்டு மணிக்குத் தொடங்கியது. பதினோரு மணிக்குக் கண் இருட்டியது. நிறுத்தலாம்தான். ஆனால் லிங்கத்துக்கு நேர் எதிரே குந்தியிருந்தேன். அவருக்கு முன்னால் இன்னும் எத்தனை தரம்தான் அவன் செயல் என்று சொல்வது? செதுக்கினேன். உண்மையாகவே செதுக்கினேன். வடக்குப் பிராகாரம் பாதி என் கையால் ஆனது.

ராமாத்தாள் என் பக்கத்து வரிசை. நான் ஒரு முழம் போவதற்குள் அவள் நாலு முழம் போய்விட்டுத் திரும்பி வந்து என் பாக்கியையும் எடுத்தாள். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது என் வலது கையை இழுத்துப் பார்த்தாள். உள்ளங்கை அடியில், மணிக்கட்டுப் பக்கம், புதிதாக இரண்டு.

"இப்பத்தானுங்க சரியான எடத்துல வந்திருக்குது" என்றாள்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "பந்தடிச்சாக் கூலி குடுப்பாங்களா?" என்று கேட்டாள். இல்லை, நாம்தான் கொடுக்க வேண்டும் என்றேன். அப்போதுதான் சிரித்தாள்.

தை 27, செவ்வாய்

கைக் கணக்கு. இடது: பழையது மூன்றும் திறந்துகொண்டன. வலது: கட்டை விரல் ஓரம் ஒன்று, புதிது இரண்டு. ஆக ஆறு. சுற்று 48. மைதானத்துப் பக்கம் போகவில்லை. இட்லி மாவை இவர் கரைத்தார்.

தை 29, வியாழன்

சனிக்கிழமை போவதில்லை என்று முடிவு செய்தேன். இந்தக் கையால் கரண்டியே நிற்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் இவர் கேட்டார்.

"சனிக்கெழம மலைக்கு எத்தன மணிக்குப் பொறப்படோணும்?"

"எந்த மலைக்குங்க?"

"நீ எந்த மலைன்னு சொல்றியோ, அந்த மலைக்கு." தட்டை எடுத்து வைத்தார். "அந்தப் புள்ளையாரு கெழக்க பாத்தவருன்னு சொன்ன. விசேசமாச்சேன்னு மொத வாரமே போய்ப் பாத்தேன். மேக்க பாத்துத்தான் ஒக்காந்திருக்கறாரு. சரின்னு வடக்க பாத்தேன். நீ நின்னுக்கிட்டிருந்த."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"கல்யாணத்தன்னிக்கே உங்கப்பா சொன்னாரு. என்ற பொண்ணு ஆறாவது குழிய நாலே அடில முடிப்பா மாப்ளேன்னு. எனக்கு அப்ப ஒண்ணும் புரியல. பொறவு ஆபீசுல ஒருத்தர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். சனிக்கெழம ஆட்டத்த ஸ்டீபன் சொன்னாரு."

"முப்பத்தாறு வருசமா நீங்க கேக்கவே இல்லியேங்க."

"நீ சொல்லவே இல்லியே."

"பின்ன வெள்ளியங்கிரி ஐயாகிட்ட ஏனுங்க புல்லுன்னு சொன்னீங்க?"

"நீ சொன்னதத்தான சொன்னேன். பொய்யா?"

தை 5-ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பி, பொய் வரியில் 'இல்லை' என்பதை அடித்து 'ஒன்று' என்று திருத்தினேன். பதினொரு வருஷ நோட்டில் முதல் திருத்தம். மற்ற பக்கங்களையும் பார்க்க வேண்டும். இன்றைக்கு வேண்டாம், கை வலிக்கிறது.

மாசி 2, சனி

விடியற்காலை நாலு மணிக்கு வாடகைக் கார். இவர் முன் சீட்டில் குறுக்கெழுத்தோடு வந்தார்.

குடிசை இல்லை. அந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி. பனி அப்படியே இருந்தது. புல்லில் கால் வைத்ததும் பின்னால் திரும்பிப் பார்த்தேன். தடம் தெரிந்தது. கலைக்க யாரும் இல்லை.

மொத்தம் பதினொரு பேர். என்னைத் தவிர எல்லோரும் கால்சட்டை. நான் புடவையை இழுத்துச் செருகி, இரண்டு கையிலும் பிளாஸ்திரி சுற்றி, விபூதி தடவிக்கொண்டு நின்றேன். என்ன பவுடர் அது என்று ஒரு அம்மா கேட்டார். திருநீறு என்றேன். அவரும் கொஞ்சம் வாங்கித் தடவிக்கொண்டார்.

முதல் ஐந்து குழியை எழுதுவதற்கில்லை. இறுக்கிப் பிடித்தால் ஆறு கொப்புளமும் ஒன்றாகக் கத்துகிறது. ஒரு பந்து ஓடைக்குள்ளும் ஒன்று மாட்டுத் தொழுவத்துப் பக்கமும் போயின. ஆறாவது குழியில் இனி இறுக்க முடியாது என்றாகிவிட்டது. மஞ்சளில் பிள்ளையார் பிடிக்கும்போது எப்படி அழுத்துவோம்? அதிகம் அழுத்தினால் விரலிடுக்கில் பிதுங்கும், அழுத்தாவிட்டால் நிற்க மாட்டார். அந்த அளவில்தான் பிடித்தேன், அதற்கு மேல் கை விடவில்லை. ஸ்டீபன் மூன்று வாரமாகத் தொண்டை வற்றச் சொன்னதை ஒரு நாள் உழவாரம் சொல்லிக் கொடுத்துவிட்டது. முப்பத்தொன்றாவது பந்தின் சத்தம் கேட்டது.

நாலு அடி.

மேலே தொட்டியருகில் நின்ற இவர் நாலு விரலைக் காட்டினார். நான் தலையாட்டினேன்.

பதினொரு பேரில் ஏழாவதாக வந்தேன். பரிசு இல்லை. சனிப் பிரதோஷம் தவறிவிட்டது. பத்து வருஷத்தில் இதுவே முதல் முறை. கீழே இறங்கும்போது கோயில் மணி கேட்ட இடத்தில் காரை நிறுத்தச் சொல்லி, ரோட்டிலிருந்தே கும்பிட்டேன்.

பொய்: இல்லை. யோசித்துப் பார்த்தும் இல்லை.

மாசி 3, ஞாயிறு, சிவராத்திரி

நாலு காலப் பூஜையும் ஆயிற்று. தூங்கவில்லை என்று எழுத ஆசை. மூன்றாம் காலத்தில் தூங்கிவிட்டேன்.

மாசி 9, சனி

ராமாத்தாளைக் கூட்டிக்கொண்டு போனேன். நேற்றுப் பணிப் பேரேட்டைப் புரட்டியதில் தெரிந்தது: ஒரு வருஷத்தில் பன்னிரண்டு பணிக்கும் வந்த ஒரே பெயர் அவளுடையது. எழுதியவள் நான்தான். கூட்டிப் பார்க்கவில்லை.

பொன்னாடையை வெட்டி, உள்ளே வேட்டித் துணி கொடுத்து இரண்டு இடது கை உறை தைத்திருந்தேன். ஜரிகை வெளிப்பக்கம். தோலும் இல்லை, கிழியவும் இல்லை. ஒன்றை அவளிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு கைக்கு மட்டுந்தானுங்களா? இன்னொண்ணு மறந்துட்டீங்களா?"

இதுதான் வழக்கம் என்றேன். இடுப்பில் செருகிக்கொண்டாள்.

முதல் பத்துப் பந்து போகவில்லை. பதினொன்றாவது வலையில் போய் விழுந்தது. ஸ்டீபன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். ஐம்பதில் நிறுத்திக்கலாம், முதல் நாள், கை தாங்காது என்றார். நூற்றெட்டு என்று நான் சொல்வதற்கு முன்னால் அவளே அடுத்த கூடையை எடுத்துக்கொண்டாள்.

முடித்ததும் இரண்டு கையையும் விரிக்கச் சொல்லிப் பார்த்தேன். கைக் கணக்கு எழுத வேண்டுமல்லவா.

இடது கை: இல்லை. வலது கை: இல்லை. ஒரு சிவப்புக்கூட இல்லை. விரல் அடியிலும் மணிக்கட்டுப் பக்கத்திலும் நடுவிலும் ஒரே சீராகக் காய்த்துப் போய், பழைய செருப்பின் அடி மாதிரி இருந்தது. நான் ஏழு வருஷம் வருகைப் பதிவு எழுதிய கூட்டத்தில் அந்தக் கையை இதுவரை யாரும் தூக்கிக் காட்டியதில்லை.

"என்னத்தப் பாக்கறீங்க, அத்தன நேரமா?" என்று கையை இழுத்துக்கொண்டாள். இடுப்பிலிருந்து பொன்னாடை உறையை எடுத்தாள். முகத்து வேர்வையைத் துடைத்தாள். மடித்துத் திரும்பவும் செருகிக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்குது" என்றாள். பந்தடிப்பதையா உறையையா என்று நான் கேட்கவில்லை.